முனை மறைவா, கழிமுகமா? கட்டணமில்லா இரவு நங்கூரத்துக்கு ஓர் ஒப்பீடு

கரையோரமாகப் பாய்மரப் படகில் செல்பவர், துறைமுகக் கட்டணம் இல்லாமல் இரவைக் கழிக்கப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றையே நாடுகிறார்: நிலமுனையின் மறைவிலுள்ள திறந்த விரிகுடா, அல்லது ஆற்றுக் கழிமுகம்.

விரிகுடாவுக்குள் நுழைவது எளிது. கடல் வரைபடம் மணல் தரை என்று காட்டினால் நங்கூரமும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் பாதுகாப்பு முழுவதும் காற்றின் திசையை நம்பியது. மாலையில் குளம்போல் கிடந்த நீர், நள்ளிரவில் காற்று கடலிலிருந்து திரும்பினால், படகைக் கரைக்குத் தள்ளும் பொறியாகிவிடும். காற்றே இல்லாத இரவிலும் முனையைச் சுற்றி வளைந்து வரும் அலை, தூங்குபவரைப் படுக்கையிலிருந்து உருட்டிவிடுவதுண்டு.

கழிமுகத்தில் அலைத் தொல்லை குறைவு, ஓதத் தொல்லை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதால் வரும் தொல்லை, அதிகம். பெரும்பாலான கரைகளில் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறுவதால், படகு சுழன்று நங்கூரத்தை எதிர்ப்புறமாக இழுக்கும். சங்கிலிக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். நங்கூரம் பாய்ச்சும்போது ஆழம் 3 மீட்டர், இனி ஏறவிருக்கும் ஓதம் 3 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் 1 மீட்டர் என்றால், மொத்தம் 7 மீட்டரை ஐந்தால் பெருக்கி 35 மீட்டர் சங்கிலி விடவேண்டும். ஆழத்தை மட்டும் பார்த்து 15 மீட்டரோடு நிறுத்தியவரின் படகு இரவில் நகர்ந்துவிடும்.

வானிலை அறிக்கை காற்று மாறாது என்றால் நான் விரிகுடாவையே தேர்வேன். மாறும் என்றால் கழிமுகத்தை, அதுவும் பகல் வெளிச்சத்தில், ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும்.