கோடு நடுவிலேயே நிற்கும்போது: சமநிலை முடிவு வந்தவருக்கு எந்த வழி உதவும்?

டிஸ்க் (DISC) என்பது ஒருவரின் நடத்தைப் பாணியை நான்கு கூறுகளாக அளக்கும் சோதனை. அந்த அறிக்கையின் நான்கு புள்ளிகளும் நடுக்கோட்டை ஒட்டியே கிடந்தன. எதிரே இருந்த குழுத் தலைவி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்படியானால் எனக்கென்று ஒரு குணமும் இல்லையா, சார்?"

இந்தக் கேள்வியோடு வருபவர்களை, சோதனை முடிவுகளை விளக்கும் நாங்கள் மூன்று விதமாகக் கையாள்கிறோம். மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

முதல் வழி பாராட்டு. "நீங்கள் எந்தச் சூழலுக்கும் பொருந்துவீர்கள்." இதற்குச் சான்றும் காட்டுவார்கள். 2013-ல் உளவியலாளர் ஆடம் கிரான்ட் வெளியிட்ட ஆய்வில், 340 தொலைபேசி விற்பனையாளர்களில் கலகலப்புக்கும் அமைதிக்கும் இடைப்பட்டவர்களே அதிகம் விற்றிருந்தார்கள். ஆனால் அது ஒரு குணம், ஒரு வேலை பற்றிய முடிவு. அதை எல்லோருக்கும் சான்றிதழாக நீட்டுவது தவறு. கேட்டவர் மகிழ்ந்து எழுந்து போவார்; மறுநாள் அவர் கையில் எதுவும் இருக்காது.

இரண்டாவது வழி மறுபடி அளப்பது. இங்கே கருவிக்குக் கருவி நிறைய வேறுபாடு உண்டு. டிஸ்க்கின் வழக்கமான படிவத்தில் நான்கு நான்கு சொற்களாகக் கொடுத்து, உங்களுக்கு மிகவும் பொருந்துவதையும் சற்றும் பொருந்தாததையும் குறிக்கச் சொல்வார்கள். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியாக வேண்டும். தன் குழுவிடம் உறுதியாகவும் மேலதிகாரியிடம் மௌனமாகவும் இருப்பவர், ஒரு கட்டத்தில் அந்த நினைவோடும் அடுத்த கட்டத்தில் இந்த நினைவோடும் குறித்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கோடு தட்டையாகிவிடும். மனிதர்களை நான்கெழுத்துக் குறிகளால் வகைப்படுத்தும் எம்பிடிஐ (MBTI) சோதனையின் பதினாறு வகைகளில் நடு என்ற இடமே கிடையாது. இரண்டு எழுத்துகளைப் பிரிக்கும் கோட்டருகே நிற்பவர் திரும்ப எழுதினால் எழுத்து மாறலாம், தெளிவு வராது.

ஆளுமையை ஐந்து பண்புகளாக அளக்கும் ஐம்பெரும் பண்புகள் (Big Five) அளவையில் நடு என்பது இயல்பான இடம், பெரும்பாலோர் அதன் அருகில்தான் இருக்கிறார்கள். இந்த ஐந்தையும் அளக்கும், 240 கேள்விகள் கொண்ட நியோ (NEO) சோதனை ஒவ்வொரு பண்பையும் ஆறு உட்கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நான் சொன்ன குழுத் தலைவிக்குப் புறமுகப் பண்பு, அதாவது பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு, நடுவில்தான் வந்தது. உள்ளே பார்த்தால் பிறரிடம் காட்டும் அன்பு உயரத்தில், தன் கருத்தை வலியுறுத்துவது பள்ளத்தில். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்ததால் வந்த 'சமநிலை' அது.

மூன்றாவது வழி, அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததைக் கேட்பது. நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஒரே மனிதரின் நடத்தை அன்றாட வாழ்வில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை உளவியலாளர் வில்லியம் ஃப்ளீசன் 2001-ல் காட்டினார். தட்டைக் கோடு அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மறைக்கிறது. அந்தக் குழுத் தலைவியை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன்: எங்கே பேசினீர்கள், எங்கே சொல்ல வந்ததை விழுங்கினீர்கள், எதிரில் யார்? திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலதிகாரி மூன்று வார வேலையை இரண்டு வாரமாக்கியபோது அவர் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே தன் குழுவில் பத்து நிமிடத்தில் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எந்த அறிக்கையும் இதைச் சொல்லியிருக்காது.

இந்த வழிக்குப் பொறுமை வேண்டும். ஒரே நாளில் முப்பது பேருக்கு நடத்தும் பயிலரங்கில் இது நடக்காது. அங்கே உட்கூறுகளைக் காட்டும் சோதனைதான் கைகொடுக்கும். டிஸ்க்கையே மறுபடி எழுதச் சொல்வதை ஒரு நிலையில் மட்டும் ஒப்புக்கொள்வேன்: அவசரத்தில் நிரப்பியிருந்தால், அல்லது அறிக்கை பதவி உயர்வுக்குப் போகும் என்ற பயத்தில் நிரப்பியிருந்தால். பயந்தவருக்கு நடுதான் பாதுகாப்பான இடம். ஆகவே கோட்டைப் பார்க்கும் முன், இதை யார் யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமைக்கு அவர் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனார்: "இதற்கு மூன்று வாரம் வேண்டும், காரணம் இந்தத் தாளில் இருக்கிறது." கிடைத்தது இரண்டரை வாரம்.