நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளம்: டெல்டாக்காரர்களுக்கு எவ்வளவு உதவும்?

ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் மாநிலங்கள் எங்கே நிற்கின்றன என்று மத்திய அரசின் நிதி ஆயோக் போடும் குறியீட்டில் (2023-24) தமிழ்நாட்டின் மதிப்பெண் 78. கேரளாவும் உத்தராகண்டும் 79 வாங்கியிருக்கின்றன, நாட்டுக்கு 71. நல்ல எண்தான். ஆனால் அந்த 78-இல் மன்னார்குடி எங்கே, வேதாரண்யம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. குறியீடு மாநிலத்தோடு நின்றுவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கடல் வளம் பற்றிய 14-ஆவது இலக்கைக் கடலோர மாநிலங்களுக்குத் தனியாகக் கணக்கிடுகிறார்கள், மொத்த மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. நாகப்பட்டினத்து மீனவருக்கு மிகவும் வேண்டிய இலக்கு அந்த 78-க்கு வெளியே இருக்கிறது.

மாவட்டக் கணக்கு வேண்டுமானால் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் தரும் பதில்களுக்குத்தான் போக வேண்டும். அவை எல்லாம் சன்சத் இணையதளத்தில் இருக்கின்றன. மக்களவை, மாநிலங்களவை இரண்டின் கேள்வி-பதில்கள், அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழு அறிக்கைகள், அவையில் வைக்கப்பட்ட ஆவணங்கள் எல்லாவற்றையும் கட்டணமோ பதிவோ இல்லாமல் எடுக்கலாம். உள்ளே இருக்கும் சரக்கு முதல் தரம். அதை எடுத்துக் கொடுக்கும் விதத்தில்தான் குறை.

முதலில் கேள்வி-பதில் பகுதி. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்பவை), 230 நட்சத்திரமிடாத கேள்விகள் (எழுத்தில் மட்டும் பதில் வருபவை). மாநிலங்களவையில் 15, 160. தொலைக்காட்சியில் பார்ப்பது நட்சத்திரக் கேள்விகளை. நமக்கு வேண்டிய பட்டியல்கள் பெரும்பாலும் நட்சத்திரமிடாத கேள்விகளின் பின்னிணைப்பில் கிடக்கும். பதிலின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். கடைசிப் பக்கம்வரை உருட்டுங்கள்.

தேடும்போது பலரும் தவறுவது அமைச்சகத்தில். நெல் கொள்முதல், ஈரப்பத வரம்பு, 17 சதவீதத்துக்கு மேல் தளர்வு ஆகியவை வேளாண் அமைச்சகத்தில் கிடைக்காது. அவை நுகர்வோர் விவகாரம், உணவு மற்றும் பொது விநியோக அமைச்சகத்தின் பொறுப்பு. பயிர்க் காப்பீடு வேளாண்மையில் இருக்கிறது. யூரியா தட்டுப்பாடு ரசாயனம் மற்றும் உரத்தில். ஹைட்ரோகார்பன் பெட்ரோலியத்தில். இறால் பண்ணை மீன்வளத்தில். நிலத்தடி நீர் உப்பாவது ஜல் சக்தியில். ஜல் சக்தி என்ற பெயரே 2019 மே மாதத்தில் வந்தது. அதற்கு முந்தைய பதில்களுக்கு நீர்வளம், நதி மேம்பாடு மற்றும் கங்கை புனரமைப்பு அமைச்சகம் என்று தேட வேண்டும்.

அடுத்தது எழுத்து. காவிரிக்கு மத்திய அரசு ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்கூட்டல் ‘சி’யில் தொடங்கும், ‘கே’யில் அல்ல. திருவாரூரை ‘எச்’ போட்டும் போடாமலும் எழுதுகிறார்கள். இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஊர் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. தலைப்பில் ‘நீர்ப்பாசனத் திட்டங்கள்’ என்று பொதுவாக இருக்கும், தஞ்சாவூர் பின்னிணைப்பின் ஏதோ ஒரு வரிசையில் இருக்கும். நம் பகுதி எம்.பி.க்களின் பெயரை வைத்துத் தேடுவது இதைவிடப் பலன் தருகிறது: தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை தொகுதிகளின் இப்போதைய, முந்தைய உறுப்பினர்கள் எல்லோரையும்.

கிடைத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதற்கு முன் அது எந்த ஆண்டின் மாவட்ட எல்லை என்று பாருங்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டமானது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2017 மார்ச் எல்லைகளை வைத்து எடுக்கப்பட்டது. அதில் மயிலாடுதுறை நாகப்பட்டினத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊட்டச்சத்து, ரத்தசோகை, பல்பரிமாண வறுமை (வருமானத்தை மட்டும் பார்க்காமல் உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதிகளையும் சேர்த்துக் கணக்கிடும் வறுமை) என்று இலக்கு அறிக்கைகள் சொல்லும் பல எண்கள் இந்த ஆய்விலிருந்து வருபவை. சீர்காழிக்கான எண் என்று யாராவது காட்டினால், அது கோடியக்கரையையும் சேர்த்த எண்ணாக இருக்கக்கூடும்.

வேண்டிய பதில் இல்லையென்றால் எம்.பி. மூலமாகக் கேட்க வைக்கலாம். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும்; முதன்மையாக மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைக் கேட்டால் ஏற்க மாட்டார்கள். சங்கங்கள் கொடுக்கும் மனுக்கள் விழுவது இந்த மூன்றாவதில்தான். “வெண்ணாறு ஏன் தூர்வாரப்படவில்லை?” என்று கேட்டால் தள்ளுபடியாகும், அல்லது ‘நீர் மாநிலப் பட்டியலில் உள்ளது’ என்று ஒரு வரி வரும். அதே விஷயத்துக்கு மத்திய அரசின் கை எங்கே படுகிறது என்று பார்த்துக் கேட்க வேண்டும். வெண்ணாறு உபவடிநிலத்தில் (காவிரிக் கிளையான வெண்ணாற்றின் நீர் பாயும் பகுதி) பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப ஆறுகளையும் வடிகால்களையும் சீரமைக்க 2016-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தமானது. வெளிநாட்டுக் கடனுக்குப் பொறுப்பு நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை. ஆக, கேள்வி ஜல் சக்திக்குப் போகக் கூடாது, நிதிக்குப் போக வேண்டும்: (அ) கடனில் இதுவரை எடுத்த தொகை, ஆண்டுவாரியாக; (ஆ) முடிந்த பணிகள், ஆறுவாரியாக, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு என்று பெயர் சொல்லி; (இ) முடியாதவற்றுக்குக் காரணம்; (ஈ) பருவநிலை பற்றிய 13-ஆவது இலக்குக்கான அறிக்கையில் இது எந்தக் குறியீட்டில் காட்டப்படுகிறது. இப்படிப் பிரித்துக் கேட்டால் நழுவ இடம் குறையும். ‘அரசின் கருத்து என்ன’ என்று எழுதிவிடாதீர்கள்; கருத்து கேட்கும் கேள்வி விதிப்படி நிற்காது.

“தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்” என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது உறுதிமொழியாகப் பதிவாகி, அரசு உறுதிமொழிக் குழுவின் கண்காணிப்புக்குள் போகிறது. நிறைவேற்றக் கெடு மூன்று மாதம். அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்கலாம், உறுதிமொழியைக் கைவிடவும் கோரலாம்; கெடுவைக் குறித்து வைத்துக்கொண்டு எம்.பி. அலுவலகத்துக்கு நினைவூட்ட வேண்டும். சன்சத்தின் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது. பதில் ஒரு பக்கம், அதன் உறுதிமொழி நிறைவேறியதா என்பது வேறொரு பக்கம். ஒரே கேள்வியின் கதையைப் படிப்பவரே கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிலைக்குழு அறிக்கைகள்தான் இந்தத் தளத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பட்ஜெட் காலத்தில் அமைச்சகம் கேட்கும் நிதியை ஆராயும் மானியக் கோரிக்கை அறிக்கை வரும். அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பிறகு, குழுவின் பரிந்துரைகளுக்கு அரசு என்ன செய்தது என்று சொல்லும் நடவடிக்கை அறிக்கை வரும். அதை முதலிலிருந்து படிக்க வேண்டாம். இரண்டாம் அத்தியாயம் அரசு ஏற்றவை, மூன்றாம் அத்தியாயம் குழு விட்டுவிட்டவை. நான்காவதில் அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, ஐந்தாவதில் இறுதிப் பதில் வராதவை. நான்கையும் ஐந்தையும் முதலில் படியுங்கள். எங்கே இழுபறி என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

ஆனால் 17 இலக்குகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க இங்கே தனிக் குழு கிடையாது. பிரிட்டனின் கீழவையில் 1997 முதல் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு எல்லாத் துறைகளையும் குறுக்காகப் பார்க்கிறது. நம்மிடம் திட்டமிடலும் புள்ளியியலும் நிதி நிலைக்குழுவின் கீழ், நீர் ஒரு குழுவில், ஊராட்சி வேறொன்றில். இலக்குகளுக்கான அரசின் ஆயத்தத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் 2019-ஆம் ஆண்டு 8-ஆம் எண் அறிக்கைக்குப் போங்கள். 15 ஆண்டுத் தொலைநோக்கு ஆவணம் அப்போது இறுதியாகவில்லை என்பதை அது எழுதியே வைத்திருக்கிறது. அது நேரில் எடுத்துப் பார்த்த 7 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

பதில்களும் அறிக்கைகளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். கிராம சபையில் வாசிக்க ஒரு தமிழ்ப் பக்கம் வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். தமிழில் வராதவரை இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்றுக்கு மேல் மதிப்பெண் தர எங்களுக்கு மனமில்லை.

குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ கூடும். சம்பா, தாளடி மூழ்குவதும் அதே நேரத்தில்தான். வெள்ளம் வந்த பிறகு கேள்வி எழுதினால் 15 நாள் முன்னறிவிப்பிலேயே தொடர் முடிந்துவிடலாம். கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரத்திலேயே வரைவு எம்.பி. அலுவலகத்தில் இருக்க வேண்டும். எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்ற அட்டவணையும் சன்சத்திலேயே வரும், அதையும் கூடவே இணைத்துக் கொடுங்கள்.