ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா? அவசரப்பட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள்

பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கம் புதிதாக ஹோம் தியேட்டர் மாட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது, முடியட்டும். அவர்கள் செய்த வேலை என்னவென்று தெரிந்துவிட்டால், வேறு யார் அதையே செய்தாலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

நான் வாங்கியது ஒரு ஏவி ரிசீவரும் (டிவியின் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) 5.1 ஸ்பீக்கர் செட்டும். முன்னால் இடது, வலது, டிவிக்குக் கீழே சென்டர், பின்னால் இரண்டு, மூலையில் ஒரு சப்வூஃபர். 38,000 ரூபாய். அதற்கு முறையான ஜிஎஸ்டி பில் கொடுத்தார்கள், சரக்கும் நல்ல சரக்குதான். கொள்ளையடித்தது அதற்கப்புறம், ஃபிட்டிங் என்ற பெயரில். மாட்ட வந்த இரண்டு பையன்கள் வெள்ளைச் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு இது: ‘ப்யூர் காப்பர்’ வயர் 60 மீட்டர், மீட்டர் 65 வீதம் 3,900. டிஜிட்டல் கன்வெர்ட்டர் 2,400. கூலி 3,500. ஆக 9,800.

கன்வெர்ட்டர் எதற்கு என்று கேட்டேன். “உங்க டிவில இருந்து நேரா ரிசீவருக்குப் போக வழியில்ல சார். இது போட்டாத்தான் டிஜிட்டல் சவுண்டே வரும்” என்றான் மூத்தவன். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு டப்பா. டிவியிலிருந்து ஒரு ஆப்டிகல் கேபிள் அதற்குள் போனது. டப்பாவின் மறுபக்கத்திலிருந்து சிவப்பு, வெள்ளை என்று இரண்டு பின் ரிசீவருக்குப் போனது. டிவி செட்டிங்கில் எதையோ மாற்றினான், ரிசீவர் ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினான், ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம். சப்வூஃபரை முழுசாகத் திருகிவிட்டதில் ஷோகேஸ் கண்ணாடி நடுங்கியது. “பேஸ் பாத்தீங்களா சார்?” காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

படம் பார்க்க உட்கார்ந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. திரையில் ஹீரோ பேசுகிறான், குரல் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வருகிறது. “யாரோ பின்னாடி நின்னு பேசுற மாதிரியே இருக்குங்க, திரும்பித் திரும்பிப் பாக்கறேன்” என்றாள் மனைவி. கடைக்குப் போன் போட்டால், “புது ஸ்பீக்கர் சார், கொஞ்ச நாள் ஓடினா செட் ஆயிடும்” என்று பதில். ஸ்பீக்கர் பழகுவதற்கும் குரல் இடம் மாறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களும் சொல்லவில்லை.

கொருக்குப்பேட்டையில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். கோயில் திருவிழா, கல்யாணம் என்று ஆயுசு முழுக்க ஸ்பீக்கரோடு கிடந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: “இன்னாப்பா இது, அஞ்சு டப்பாவும் ஒரே பாட்ட பாடுது?”

விஷயம் மொத்தமும் அந்த ஒரு கேள்விதான். ரிசீவரின் முகப்பில் ஓடுகிற எழுத்தைக் காட்டினார். ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்று இருந்தது. அதாவது, இரண்டு சேனல் சத்தத்தை எடுத்து எல்லா ஸ்பீக்கருக்கும் அப்படியே பங்கு போடுகிற மோடு. பிறந்தநாள் விழாவுக்கு நல்லது. சரவுண்ட் என்பது வேறு. அதில் வசனம் பெரும்பாலும் சென்டரில் மட்டும் வரும், பின்னால் மழையோ கூட்டமோ தேவைப்படும்போது மட்டும் வரும், பல காட்சிகளில் பின் ஸ்பீக்கர்கள் சும்மாவே இருக்கும். சும்மா இருந்தால் வாடிக்கையாளர் “பின்னாடி வரலையே” என்பார் என்று, பையன்கள் ஐந்தையும் அலற விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடுத்து அந்தக் கன்வெர்ட்டர். ஆப்டிகல் கேபிளுக்கு 5.1 டால்பி டிஜிட்டலை, அதாவது சுருக்கிக் கட்டிய சரவுண்ட் சத்தத்தை, கொண்டுபோகிற சக்தி உண்டு. ஆனால் இந்த மாதிரி மலிவு டப்பாவுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அதற்குப் புரிவது பிசிஎம் ஸ்டீரியோ, அதாவது சுருக்காத சாதா இரண்டு சேனல் டிஜிட்டல் சத்தம் ஒன்றுதான். அதனால்தான் டிவியின் ஆடியோ அவுட்புட்டைப் பிசிஎம்முக்கு மாற்றியிருக்கிறான். ஐந்தாக வரவேண்டியதை டிவியிலேயே இரண்டாகக் குறுக்கி, அதையும் அனலாக் ஆக்கி ரிசீவருக்குள் தள்ளியாயிற்று. சரவுண்டைக் கொல்வதற்கு நான் 2,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன்! இதைவிடக் கொடுமை, ரிசீவரின் பின்பக்கத்திலேயே ஆப்டிகல் ஓட்டை இருக்கிறது. அண்ணன் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினார். “இதுல நேரா சொருவி இருந்தாலே வந்துக்குமே, நடுவுல இன்னாத்துக்கு இந்த டப்பா?”

அதுவும்கூடத் தேவைப்படவில்லை. டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டைகளில் ஒன்றின் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஏஆர்சி’ என்று போட்டிருந்தது. டிவியின் சத்தம் எச்டிஎம்ஐ வழியாகவே ரிசீவருக்குத் திரும்பிப் போகிற வழி அது. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-லேயே இருக்கிறது. ரிசீவரில் ‘எச்டிஎம்ஐ அவுட்’ என்று இருக்கிற ஓட்டையிலிருந்து இந்த ஏஆர்சி ஓட்டைக்கு ஒரே ஒரு கேபிள். டிவி செட்டிங்கில், டிவியும் ரிசீவரும் எச்டிஎம்ஐ வழியாகப் பேசிக்கொள்கிற சிஇசியை ஆன் செய்ய வேண்டும் (சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க்). சவுண்ட் அவுட்புட்டை ரிசீவருக்கு மாற்றி, பிசிஎம் என்று இருப்பதை ஆட்டோ அல்லது பாஸ் த்ரூ (வருவதை அப்படியே அனுப்புவது) ஆக்க வேண்டும். ஓடிடியில் 5.1 என்று போட்ட ஒரு படத்தை ஓட்டியதும் ரிசீவர் முகப்பில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்று வந்தது. வசனம் சென்டருக்குப் போய் உட்கார்ந்தது. கேபிள் டிவி சேனல்களில் பெரும்பாலும் இரண்டு சேனல்தான் வரும், அதை வைத்துச் சோதிக்காதீர்கள்.

அண்ணனுக்கு அப்போதும் திருப்தி இல்லை. ரிசீவரை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, வீட்டு டார்ச் லைட்டிலிருந்து ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து ஒவ்வொரு ஜோடி முனையிலும் ஒரு நொடி தொட்டார். ப்ளஸ் ப்ளஸ்ஸில் பட்டால் ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அசைகிற கூம்பு) வெளியே தள்ளும். நான்கு ஸ்பீக்கர் வெளியே தள்ளின. முன் இடது மட்டும் உள்ளே போனது. அங்கே சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. இரண்டு முன் ஸ்பீக்கர்கள் எதிரும் புதிருமாக வேலை செய்தால் ஒன்றின் பேஸை இன்னொன்று தின்றுவிடும். சப்வூஃபரை அவ்வளவு திருகியதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். திரும்ப மாட்டிய பிறகு, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் எழுப்பிக் காட்டுகிற ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓட்டினால் பின் இடதும் பின் வலதும் இடம் மாறியிருந்தன. ஸ்பீக்கர்களின் சத்தத்தை அளந்து அறைக்கேற்பச் சரிசெய்வதற்காக ரிசீவரோடு வந்த செட்டப் மைக், கவர்கூடப் பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்தது.

வயர்முனையைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், ஒரு சுரண்டலுக்கு உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர். வேலை செய்யாதென்று இல்லை, ஆனால் மின்தடை கூடுதல், கடல்காற்று அடிக்கிற நம் பக்கத்தில் முனை சீக்கிரம் அரித்துப்போகும். காப்பர் விலைக்கு அதை விற்பது அப்பட்டமான திருட்டு. வயர் ஓடுகிற கேசிங்கைத் திறந்து டேப் வைத்து அளந்தால் 38 மீட்டர்தான் இருந்தது. மிச்சம் 22 மீட்டர் சீட்டில் மட்டும் ஓடியிருக்கிறது.

கடையில் போய்க் கேட்டேன். “அஞ்சு ஸ்பீக்கர்லயும் சத்தம் வந்துச்சுல்ல சார்? பாத்துட்டுத்தான காசு குடுத்தீங்க?” என்றார் முதலாளி. ஃபிட்டிங் பசங்க தன் ஆட்களே இல்லையாம், ‘வெளியாளுங்க’ளாம். அவர்களை அனுப்பியது அவர், போன் நம்பர் கொடுத்தது அவர்.

உங்கள் வீட்டில் மாட்டினால், காசை எண்ணுவதற்கு முன்னால் டெஸ்ட் டோனை ஓட்டச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கர்தான் சத்தம் போட வேண்டும், திரையில் எந்தப் பெயர் வருகிறதோ அந்த ஸ்பீக்கர். பிறகு 5.1 படம் ஒன்றைப் போட்டு ரிசீவர் முகப்பைப் படியுங்கள். அங்கே ஸ்டீரியோ என்றோ பிசிஎம் என்றோ இருந்தால் வேலை முடியவில்லை. வயரைச் சுரண்டிப் பார்க்காமல் சுவரில் ஏற்ற விடாதீர்கள். கூலிக்கும் வயருக்கும் கடை பெயரிலேயே பில் கேளுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நகரவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டப்பா, சுரண்டிய வயர்த் துண்டு, வெள்ளைச் சீட்டு, போன் பேச்சுப் பதிவு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் இதே கறுப்பு டப்பாவை யாராவது தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தால் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்து மனு போடலாம்.