வேலூரில் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கப் போகிறவர்கள் ரசீதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பள்ளி எங்களிடம் 1,35,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் மகளின் பெயரை வாலாஜா பக்கத்தில் உள்ள வேறொரு பள்ளியின் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. அந்த இன்னொரு பள்ளியின் வாசலை அவள் மிதித்ததே இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, வித்தை தெரிந்தால் போதும். இதே வித்தையில் மாட்டிய வேறு பெற்றோர்களையும் கல்வி அலுவலகத்து வராந்தாவில் பார்த்தேன், அவர்கள் சொன்ன பள்ளிகள் வேறு.

என் கணவர் ரயில்வே ஊழியர். 2025 மே மாதம் விருதுநகரிலிருந்து காட்பாடிக்கு மாற்றல் வந்தது. மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தாள். கணிதத்தோடு கணினி அறிவியல் உள்ள பிரிவு வேண்டும் என்பது அவள் ஆசை. வேலூரில் எங்களுக்குச் சொந்தம் இல்லை, பழகியவர் இல்லை. தேர்வு முடிவு வருவதற்குள்ளேயே தனியார் பள்ளிகளில் பாதி இடம் நிரம்பிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். மாற்றலில் வருகிற குடும்பத்தின் இந்த அவசரம்தான் இவர்களுடைய முதலீடு. பள்ளி வரவேற்பறையில் 'பி.ஆர்.ஓ.' என்று பெயர்ப்பட்டை குத்திய ஓர் இளைஞர், நாங்கள் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட உடனே ஒரு தாளை எடுத்து நீட்டினார். 2024 பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம்: அரியலூர் 97.31, மாநிலத்திலேயே கடைசியாக வேலூர் 82.07.

"நீங்கள் விருதுநகர்க்காரர்கள் மேடம். தேர்ச்சி விகிதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இந்த மாவட்டத்தில் கண்ட பள்ளியிலும் போட்டால் பாப்பாவின் எதிர்காலம் என்ன ஆவது?" என்றார்.

எண்கள் உண்மைதான். ஆனால் ஒரு மாவட்டத்தின் சராசரி எந்த ஒரு பள்ளியின் தரத்தையும் சொல்லாது. அந்த 82-க்குள் அவருடைய பள்ளியும் அடக்கம். எங்கள் மாவட்டம் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் நின்றபோதும் அங்கே மோசமான பள்ளிகள் இருக்கத்தான் செய்தன.

கணினி ஆய்வகத்தைத் திறந்து காட்டினார்கள். குளிர்சாதன அறை, வரிசையாகத் திரைகள், உறைகூடப் பிரிக்காத நாற்காலிகள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வாரம் ஒரு முறை உட்காரும் அறை அது என்பது ஜூன் மாதம்தான் தெரிந்தது. மேல்வகுப்புக்குக் கணினி அறிவியல் ஆசிரியரே இல்லை. "ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவரை தற்காலிகமாக" என்று சொல்லி மகளை உயிரியல் பிரிவில் உட்கார வைத்து, நீட் வினாத்தாள் கட்டைக் கையில் கொடுத்தார்கள். இயற்பியலுக்கு வந்தவர் ஜூலையில் போய்விட்டார். வேதியியலுக்குக் காணொளி ஓடியது. தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்களாம். சாமி 1981-லேயே ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார் என்பதால் அந்த இடம் காலியாக இருக்கிறது. ஆசிரியர் இல்லாத பள்ளியை அங்கே சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா.

இதுவரை நடந்தது வெறும் மட்டமான பள்ளி. அப்படிப்பட்டவை எங்கும் உண்டு, அதற்காக ஒரு பதிவு எழுதியிருக்க மாட்டேன்.

ஆகஸ்டில் செய்முறை ரெக்கார்டு நோட்டுகள் கொடுத்தார்கள். மகளுடைய நோட்டின் அட்டையில் பள்ளிப் பெயர் அச்சிட்ட சீட்டு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. பசை சரியாக ஒட்டவில்லை. அதை அழுத்தி ஒட்டப் போனவள், கீழே இன்னொரு பெயர் அட்டையிலேயே அச்சாகி இருப்பதைப் பார்த்து என்னிடம் கொண்டுவந்தாள். நகத்தால் முழுவதும் உரித்துப் பார்த்தேன். முற்றிலும் வேறு பள்ளி. பழைய நோட்டை மலிவாக வாங்கியிருப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

அடுத்த மாதம் மகள் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கப் படிப்புச் சான்று கேட்டோம். இழுத்தடித்துக் கொடுத்தார்கள். தாளின் தலைப்பில் இருந்தது ரெக்கார்டு நோட்டில் ஒளிந்திருந்த அதே பெயர். முத்திரையில் 'வேலூர் மாவட்டம்' என்றுதான் இருந்தது, சட்டென்று பார்த்தால் தவறாகத் தோன்றாது. ஆனால் வாலாஜா 2019 நவம்பரிலேயே ராணிப்பேட்டை மாவட்டத்தோடு போய்விட்டது. இவர்கள் பழைய முத்திரையை மாற்றவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்வரும் பள்ளிக்கு வாலாஜாவில் ஏது முத்திரை?

விஷயம் இதுதான். நாங்கள் பணம் கட்டிய பள்ளிக்குப் பத்தாம் வகுப்பு வரை மட்டுமே அங்கீகாரம். அதாவது அது உயர்நிலைப் பள்ளி. பதினொன்று, பன்னிரண்டு நடத்த மேல்நிலைப் பள்ளி அங்கீகாரம் வேண்டும். அது வாங்காமலேயே வகுப்பு நடத்தி, பிள்ளைகளின் பெயரை மட்டும் தெரிந்த இன்னொரு நிர்வாகத்தின் மேல்நிலைப் பள்ளியில், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பள்ளிக்கு மாணவர் எண்ணிக்கை கூடுகிறது, இந்தப் பள்ளிக்குப் பணம் வருகிறது. முன்பு இது ஓராண்டுக்குள் வெளியே வந்துவிடும். 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு இருந்ததால் மார்ச் மாதம் நுழைவுச் சீட்டில் பள்ளிப் பெயர் தெரிந்துவிடும். 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரி ஆட்களுக்கு இரண்டாண்டு மறைப்பு கிடைத்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு நுழைவுச் சீட்டு கைக்கு வரும்போது உண்மை தெரிந்து யாருக்கு என்ன பயன்?

தாளாளரிடம் சான்றிதழைக் காட்டினோம். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "பெயர் எங்கே இருந்தால் என்னம்மா, படிப்பு இங்கேதானே நடக்கிறது? எல்லோரும் செய்வதுதான்" என்றார். காபி கொண்டுவரச் சொன்னார்.

எங்களைவிடப் பெரிய அடி வாங்கியவர்கள் அதே வகுப்பில் இருந்தார்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம், பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளி, நல்ல மதிப்பெண். மருத்துவம் படிக்க வைக்கிறோம் என்று இந்த பி.ஆர்.ஓ. வீட்டுக்கே போய் அழைத்து வந்திருக்கிறார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாறினால் அது போயிற்று. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டமும் போயிற்று. மருத்துவ இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி, அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரே சாதகமான வழியை அடைத்திருக்கிறார்கள். அவளுடைய அம்மாவிடம் இதை நான்தான் சொல்ல வேண்டி வந்தது. அவர் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. "அப்படியா, யாரும் சொல்லவில்லையே" என்று மட்டும் கேட்டார். அவருக்காகத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மாற்றுச் சான்றிதழ் கேட்டதும் முழு ஆண்டுக் கட்டணமும், பேருந்துக் கட்டண நிலுவையும் கட்டச் சொன்னார்கள். நாங்கள் பள்ளிப் பேருந்தில் போனதே கிடையாது. கட்டண பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, கையோடு ஒப்புகை வாங்கினோம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் புகாரைப் பதிந்தோம். வாய்வார்த்தையாகப் போய் நிற்பவர்களை அலுவலகத்தில் "பேசிப் பார்க்கிறோம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒப்புகைத் தாள் கையில் இருந்தால் மரியாதையே வேறு.

சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் வாலாஜா பள்ளியின் தலைமையாசிரியர், ஏனென்றால் காகிதத்தில் அவள் அவருடைய மாணவி. போனோம். என் மகளை முதல் முறையாகப் பார்க்கிறார். வருகைப் பதிவேட்டைப் பிரித்தார். ஜூன் முதல் ஒரு நாள்கூட விடாமல் வந்திருக்கிறாள். காய்ச்சலில் ஒரு வாரம் வீட்டில் கிடந்த நாட்களிலும் அங்கே ஆஜர். நடத்தை என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, "நன்றாகப் படிக்க வேண்டும், பாப்பா" என்று வாழ்த்தும் சொன்னார். வெளியே வந்ததும் மகள், "அம்மா, இவர் எனக்கு என்ன பாடம் எடுத்தார்?" என்று கேட்டுச் சிரித்தாள். அத்தனை நாளில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சான்றிதழ் மட்டும் போதாது, எமிஸில் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் புதிய பள்ளி சேர்க்க முடியாது. அதையும் அங்கேயே உட்கார்ந்து செய்ய வைத்தோம்.

இனி பணம். நாங்கள் கட்டியது ஒரே தொகை, வந்தது மூன்று ரசீது. பள்ளியின் பெயரில் 28,000. ஓர் அறக்கட்டளையின் பெயரில் 'வளர்ச்சி நிதி' என்று 22,000. ஓர் அகாடமியின் பெயரில் 'நுழைவுத் தேர்வுப் பயிற்சி' என்று 85,000. தனியார் பள்ளிகள் எவ்வளவு வாங்கலாம் என்பதை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. அதற்கு மேல் வாங்கினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் பள்ளி ரசீது அடக்கமாக இருக்கிறது, கொழுத்தது எல்லாம் மற்ற இரண்டில். பள்ளிப் படிப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது, பயிற்சி மையத்துக்கு 18 சதவீதம் உண்டு. எங்கள் அகாடமி ரசீதில் 'ஜிஎஸ்டி உட்பட' என்று அச்சாகியிருக்கிறது. ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

ஒளிப்பதற்காகக் கொடுத்த அந்த ரசீதுதான் இப்போது எங்களுக்குப் பிடி. பள்ளிகள் மீது நுகர்வோர் வழக்கு செல்லுமா என்பதில் நீண்ட வாதம் இருக்கிறது. பயிற்சி மையம் மீது செல்லும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்குக் கட்டணமும் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதலையும் மனுவில் இணைத்திருக்கிறோம். 16 வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கக் கூடாது, நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்ப வேண்டும் என்கிறது அது. சேரும்போது என் மகளுக்கு வயது பதினைந்து.

சேர்க்கைக்கு முன் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்றால், முடியும். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கும் 33-ல் தொடங்கும் பதினோரு இலக்க அடையாள எண், அதாவது யூடைஸ் எண், உண்டு. அதை வாங்கி யூடைஸ் தளத்தில் போட்டால் எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்று காட்டும். எண்ணைக் கேட்டவுடன் "எதற்கு மேடம் அதெல்லாம்" என்று வந்தால் எழுந்துவிடுங்கள். சிபிஎஸ்இ பள்ளி என்றால் இணைப்பு எண்ணை வாரியத்தின் தளத்தில் போட்டு, பத்து வரையா பன்னிரண்டு வரையா என்று பாருங்கள். கேட்கிற பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பள்ளியில் கேட்காதீர்கள். மாலை மணி அடித்ததும் வாசலில் நின்று, வெளியே வருகிற பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே வெளியே வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மகள் இப்போது வேலூரில் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் பிரிவில் இருக்கிறாள். காலாண்டுப் பாடம் முழுவதும் அவளாகப் படித்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று. 28,000 ரூபாய் காசோலையாகத் திரும்பி வந்துவிட்டது. மீதிக்குத்தான் மனு. அறக்கட்டளைக்காரர்கள் அது நன்கொடை என்கிறார்கள். அகாடமி பதிலே தரவில்லை. இந்த ஆண்டும் அதே பள்ளி பதினொன்றாம் வகுப்புக்கு விளம்பரம் வைத்திருக்கிறது, கிரீன் சர்க்கிள் தாண்டினால் கண்ணில் படும். அங்கே ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் மூன்று ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், பிள்ளையின் பெயரில் ஒரு படிப்புச் சான்றை இப்போதே கேட்டு வாங்கிப் பாருங்கள்.