ஜப்பானிய எழுத்தும் ஆங்கில எழுத்தும்: எது எங்கே கடினம்?

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. ஜப்பானிய மொழிக்கோ ஒலியைக் குறிக்கும் எழுத்து வரிசைகளே இரண்டு: ஹிரகானா 46, கதகானா 46. அதற்கு மேல் பொருளைக் குறிக்கும், சீனத்திலிருந்து வந்த கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜிகள் இருக்கின்றன. இதைக் கேட்டதுமே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து மலைத்துப்போக வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒலி. ஆங்கிலத்தில் சி-யு-டி ‘கட்’, பி-யு-டி ‘புட்’. நடுவில் இருப்பது ஒரே எழுத்து, ஒலி வேறு. ஹிரகானாவில் ‘க’ என்று எழுதினால் எங்கும் ‘க’தான். ஒன்றிரண்டு இடைச்சொற்களில் மட்டும் ஒலி மாறும். வரிசையும் நமக்கு அந்நியமில்லை: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்து முறையின் தாக்கத்தில் அமைந்த அடுக்கு இது. அரிச்சுவடி படித்த யாருக்கும் பாதி மனப்பாடம் முடிந்த மாதிரி. ஏ, பி, சி வரிசையில் இப்படி ஓர் ஒலி ஒழுங்கைக் காண முடியாது.

ஆனால் க, கி, கு மூன்றிலும் ‘க’ தெரிவது தமிழில்தான். ஹிரகானாவில் அவை ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத மூன்று வடிவங்கள். தனித்தனியாகத்தான் பழக வேண்டும்.

வடிவத்தில் ஹிரகானா வளைந்து நெளியும். கான்ஜியை வேகமாகச் சுழித்து எழுதியதில் பிறந்தது. கதகானா கான்ஜியின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது. நேர்கோடும் கூர்முனையுமாக இருக்கும். வெளிநாட்டுச் சொற்களுக்கு அதுதான். பஸ் அங்கே ‘பசு’, ஐஸ்கிரீம் ‘ஐசு குரீமு’. நம் வீட்டில் ‘பஸ்ஸு’, ‘காரு’ என்று உகரம் சேர்ப்பது போலவே!

‘நான் டிவி பார்க்கிறேன்’ என்ற ஒரே வரியில் மூன்றும் வரும்: ‘நான்’, ‘பார்’ கான்ஜியில், ‘டிவி’ கதகானாவில், உருபும் வினை விகுதியும் ஹிரகானாவில். எழுத்து மாறுவதே சொல் எல்லையைக் காட்டிவிடுவதால் இடைவெளி விடுவதில்லை.

கான்ஜிதான் மலை. மரம் என்பதற்கு ஒரு குறி. அதை இரண்டு முறை எழுதினால் தோப்பு, மூன்று எழுதினால் காடு. எல்லாமே இவ்வளவு எளிதாக இருந்தால் நன்றாக இருக்கும். மலைக்கான குறி தனியாக நின்றால் ‘யாமா’, ஃபூஜி மலையின் பெயரில் ‘சான்’. ஒரே குறிக்கு இப்படிப் பல வாசிப்பு உண்டு. ஆங்கிலத்தில் தெரியாத சொல்லையும் தப்போ சரியோ உச்சரித்துப் பார்க்கலாம். இங்கே பெரும்பாலும் அதற்கும் வழியில்லை. தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் பிள்ளைகள் 1,026 கான்ஜி கற்கிறார்கள். இந்த இடத்தில் ஆங்கிலம் சந்தேகமில்லாமல் எளிது.

சரி, கான்ஜியை விட்டுவிட்டு ஹிரகானாவிலேயே எழுதினால் என்ன? ‘நிவா நி வா நிவா நிவாதோரி கா இரு’ என்று ஒரு வாக்கியம் சொல்வார்கள். தோட்டத்தில் இரண்டு கோழிகள் இருக்கின்றன என்று பொருள். (கடைசி ‘இரு’வுக்கு நம் ‘இரு’வின் பொருளே, கேட்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.) இதை வெறும் ஹிரகானாவில், இடைவெளி இல்லாமல் எழுதினால் எது தோட்டம், எது கோழி என்று எழுத்துக்கூட்டித் தேட வேண்டும். கான்ஜி போட்டால் ஒரே பார்வையில் விளங்கிவிடும். கற்கும்போது கொடுத்த உழைப்பை வாசிக்கும்போது திருப்பித் தருகிறது கான்ஜி.

கணினியில் ஆங்கில எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் கூட்டாளிகள். ஜப்பானியர் பலர் ஆங்கில விசைகளில்தான் தட்டுகிறார்கள். ஒய்-ஏ-எம்-ஏ என்று அடித்தால் திரையில் ‘யாமா’ ஹிரகானாவில் வரும். இடைவெளி விசையை அழுத்தினால் அது மலைக்கான கான்ஜியாக மாறி நிற்கும்.