பாளையங்கோட்டையில் நான் தங்கியிருக்கும் வீடு: வெளிநாட்டிலிருந்து படிக்க வருபவர்களுக்காக

மலேசியாவில் கிள்ளானிலிருந்து சித்த மருத்துவம் படிக்கப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறேன். அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. தங்கியிருப்பது ஹாஸ்டலில் இல்லை, ஒரு குடும்பத்தோடு. ராஜகோபாலசுவாமி கோயில் பக்கத்துப் பழைய தெரு ஒன்றில் மாடி வைத்த வீடு. மாமா, அத்தை, மாமாவின் அம்மா ஆச்சி, மூன்று பேர்தான். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதால் மாடி அறை காலியாக இருந்தது. அதைத்தான் படிக்க வரும் பெண்களுக்குச் சாப்பாட்டோடு கொடுக்கிறார்கள். ஊரிலிருந்து தங்கைகள் பலர் “அக்கா, அங்கே எங்கே தங்குவது?” என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் பெயரும் தெருவின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் இங்கே இல்லை.

முதலில் காகித விஷயம். சோறு, கட்டில், வைஃபை எல்லாம் அப்புறம்தான்.

180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் இந்தியாவுக்கு வருகிறவர்கள், வந்து இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட், விசா, புகைப்படம், கல்லூரிச் சான்றிதழ் இவற்றோடு எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரமும் கேட்பார்கள். அதோடு, நம்மைத் தங்கவைக்கும் வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் நம் விவரங்களை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. ஏஜென்ட் ஒருவர் மூலமாக முதலில் போய் இறங்கிய விடுதியில், “போலீஸ் சமாச்சாரமெல்லாம் நமக்கு வேண்டாம்மா, சும்மா தங்கிட்டுப் போ” என்று சொல்லிவிட்டார்கள். தங்குமிடச் சான்றும் தரமாட்டோம் என்றார்கள். நாளோ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ராத்திரிகளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறையைக் காட்டுவதற்கு முன்னால் என் பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கி நிதானமாகப் படித்துப் பார்த்தார். நான் பெட்டியோடு வந்த அன்றைக்குச் சாயங்காலமே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்து முடித்தார். மறுநாள் மின்கட்டண ரசீது நகலும், இந்தப் பெண் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்ட கடிதமும் கைக்கு வந்தது. “நாளைக்கு உன்னைய யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாதும்மா. அதுக்குத்தான்” என்றார். என் பதிவு கெடுவுக்குள் முடிந்தது. அந்தச் சான்று கையில் வந்த பிறகுதான் வங்கிக் கணக்கும் திறந்தேன். இங்கே டீக்கடை வரைக்கும் எல்லாரும் செல்போனில் ஸ்கேன் செய்துதான் பணம் கொடுக்கிறார்கள், அதற்கு இந்தியக் கணக்கு இருந்தால் எளிது. கணக்கு வரும் வரை சில்லறை இல்லாத இடங்களில் அத்தை தன் போனிலிருந்து கட்டிவிட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தார். கடைசியில் கூட்டிப் பார்த்து, ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் வாங்கிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. நாங்கள் கொடுக்கல் வாங்கலில் சுத்தமாக இருந்ததால்தான் மற்ற விஷயங்களில் கூச்சமில்லாமல் பழக முடிந்தது.

வாடகை மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாதம் 8,500 ரூபாய். நம் மலேசியப் பணத்தில் ஏறக்குறைய 400 வெள்ளி (ரிங்கிட்) வரும். முன்பணம் ஒரு மாத வாடகை. அறையில் கட்டில், மேசை, ஒரு மர பீரோ, மின்விசிறி. ஏசி கிடையாது. ஜன்னல் தெருப்பக்கம் பார்த்தது, காற்று வரும். டியூப்லைட் கட்டிலுக்கு மேலே இருக்கிறது, மேசைப்பக்கம் வெளிச்சம் போதாது. மேசை விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் பிளக் இங்கே பொருந்தாது, இங்கே உருண்டைக் கால். அதற்கு அடாப்டர் பாளை மார்க்கெட் பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது.

நான் வந்தபோது அறைக்கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. அந்த அறையில் வளர்ந்தது அவர்கள் மகள், அதனால் அவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றியிருக்காது. எனக்குத் தேவை என்று சொன்னேன். அத்தை முகத்தில் ஒரு நொடி வருத்தம் தெரிந்தது. ஆனால் அந்த வாரமே ஆசாரியை வரவழைத்துத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆச்சிகூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குடும்பத்தோடு தங்கும்போது பலர் இப்படிப்பட்ட விஷயத்தைக் கேட்கத் தயங்கிக் கேட்காமலேயே விட்டு, ஆறு மாதம் மனதுக்குள் புழுங்குகிறார்கள். கேளுங்கள். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாத வீடு இது.

சாப்பாடு. இது சுத்த சைவ வீடு, முட்டையும் கிடையாது. வெளியே போய் மீன், கறி சாப்பிடுவதற்குத் தடையில்லை, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலி சம்பல் பாட்டிலைத் திறக்காமலேயே ஹாஸ்டல் தோழிகளிடம் கொடுத்துவிட்டேன். காரசாரமாக மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாரம் நாக்கு ஏங்கத்தான் செய்யும்.

ஆனால் ஆச்சியின் சமையலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, இன்னும் அடுப்பங்கரை அவர் கையில்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொதி. தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைப்பார். பாசிப்பருப்பு வேகும், மூன்றாம் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் வேகும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்ப்பார். மிளகாய் வத்தல் இல்லை, புளி இல்லை. கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் நுரை கட்டும்போதே இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுவார். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்குச் சொதிதான் வைப்பார்களாம். சோற்றுக்கும் ஊற்றலாம், இடியாப்பத்துக்கும் ஊற்றலாம். “ஏட்டி, போதும்னு சொல்லாத. இன்னும் ரெண்டு இடியாப்பம் வைக்கேன், சாப்பிடு” என்று ஆச்சி நின்றுகொண்டே இருப்பார். தேங்காய்ப்பால் நமக்குப் புதிதில்லை, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறான நாசி லெமாக்கிலேயே வளர்ந்தவர்கள். இருந்தாலும் இவ்வளவு சாந்தமான ஒரு குழம்பை நான் அதுவரை சாப்பிட்டதில்லை.

சனிக்கிழமை பெரும்பாலும் உளுந்தம்பருப்புச் சோறு. தொலி எடுக்காத உடைத்த கருப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் போட்டு அரிசியோடு சேர்த்து வேகவைப்பது. கூடவே எள்ளுத் துவையல். மாதவிடாய் நாட்களில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய், கருப்பட்டிப் பாகு. “இடுப்புக்குப் பலம்” என்பார் ஆச்சி. அந்த நாட்களில் பூஜை அறைக்குள் போக வேண்டாம் என்றார்கள், வேறு எந்த ஒதுக்கலும் இல்லை. முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

நான் வந்தது வடகிழக்குப் பருவமழை நேரம். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் வந்த வெள்ளத்தைப் பார்த்தவள் என்பதால், வீட்டைப் பார்க்க வந்தபோதே “இங்கே வெள்ளம் வருமா?” என்று கேட்டேன். மாமா மழுப்பவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எப்படிப் பெருகியது, இந்தத் தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் வராவிட்டாலும் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்போதிலிருந்து மாடியில் எப்போதும் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சிக் குழாய் தண்ணீர், ஆற்றிலிருந்து வருவது. அது எப்போதும் வராது, வரும்போது குடங்களில் பிடித்து வைக்க வேண்டும். அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு. குளிக்க, துவைக்க போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. தலைமுடிக்குப் பழக நாளாகும்.

மழையில் நனைந்து சளி பிடித்தபோது நடந்ததை மறக்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். நொச்சி, ஆடாதோடை, துளசி, வேலியில் தூதுவளை. ஆச்சி நொச்சித்தழையைப் பறித்துக் கொதிக்கவைத்து, போர்வையால் மூடி வேது பிடிக்கச் செய்தார். காலையில் தூதுவளை ரசம். சித்த மருத்துவத்தில் உடலுக்கு வெளியே பயன்படுத்தும் புறமருந்து முப்பத்திரண்டில், ஆவி பிடிக்கும் இந்த வேதும் ஒன்று என்று வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தேன். பாடத்தில் ஒரு வரியாக இருந்தது, ஒரு கிழவியின் கையிலிருந்து எனக்கே சிகிச்சையாக வந்தது. மருத்துவத் தாவரவியல் வகுப்புக்கு இலை அடையாளம் காண வேண்டியிருந்தால் இப்போது முதலில் பின்வாசலுக்குத்தான் போகிறேன். உடலையும் உயிரையும் விளக்கச் சித்த மருத்துவம் சொல்லும் 96 தத்துவங்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்த ராத்திரிகளில் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சொல்வதைச் சரிபார்த்தார். விட்டுப்போனதை விரலால் தொட்டுக் காட்டுவார். சித்த மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டு ஞாபகம் சாயங்காலம்தான் அதிகமாக வரும். மலேசிய நேரம் இங்கேயைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே ஒன்பது என்றால் அங்கே பதினொன்றரை. அப்பா லாரி ஓட்டுகிறவர், விடியற்காலை கிளம்ப வேண்டும், அந்நேரம் தூங்கியிருப்பார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையே கவனித்துவிட்டு, “ஆறரை மணிக்குப் பேசிரும்மா. பாத்திரம் நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அன்றிலிருந்து ஆறரை மணிக்கு வீட்டில் டிவி சத்தம் தானாகக் குறையும். இதற்குக் காசு வாங்க முடியாது, விளம்பரத்திலும் போட முடியாது. ஆனால் என் வரையில் அந்த வீட்டின் பெரிய வசதி இதுதான்.

குறைகளும் உண்டு. குளியலறை ஒன்றுதான். காலையில் மாமா நடை போய்விட்டு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். வாஷிங் மெஷின் இருந்தாலும் என் துணியை நான் கல்லில்தான் துவைக்கிறேன், மழைக்காலத்தில் உலர மூன்று நாள்கூட ஆகும். மார்கழியில் விடியும் முன்னே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அதே மாதத்தில் ராத்திரி கிறிஸ்துமஸ் கீதம் பாடிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, பாளையங்கோட்டை அப்படிப்பட்ட ஊர். எனக்கு இரண்டுமே பிடிக்கும். லேசாகத் தூங்குகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாசல் கதவு எட்டரை மணிக்குப் பூட்டப்படும். தோழி பிறந்தநாள் என்று முன்பே சொன்னால் மாமா காத்திருப்பார். சொல்லாமல் தாமதமானால் பேசமாட்டார், அவ்வளவுதான், ஆனால் அந்த அமைதி திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கும். இருபது வயதுப் பெண்ணுக்கு எட்டரை மணி குறைவு என்றே நினைக்கிறேன், அதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். பரீட்சை நேரத்தில் ஒன்பதரை வரை என்று பேசி முடித்திருக்கிறோம்.

அப்புறம் உறவினர்கள். வருகிறவர்கள் எல்லாரும் “மலேசியாவுல எந்த ஊரு? பூர்வீகம் எது? என்ன ஆளுக?” என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை, யாருக்கும் பிடிக்கக் கூடாது. ஒரு தடவை கேள்வி நீண்டுகொண்டே போனபோது ஆச்சி குறுக்கே வந்து, “அவ படிக்க வந்திருக்கா. நீ என்ன பொண்ணா பாக்க வந்திருக்க? காப்பியக் குடி” என்று முடித்துவைத்தார். கேள்வி கேட்ட அந்த உறவினர் காபியைக் குடித்தார். அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் அதைக் கேட்கவில்லை.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு நான்கரை. அரை குறைத்தது வாசல் நேரத்துக்காகவும் குளியலறைக்காகவும். தனியாகச் சமைத்துச் சாப்பிட விரும்புகிறவர்கள், ராத்திரி நேரம் கழித்து வருகிறவர்கள், மீன் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் ஹாஸ்டலோ தனி அறையோ பார்ப்பது நல்லது. முதல் தடவையாக வீட்டை விட்டு வருகிறவர்கள், முக்கியமாகச் சித்த மருத்துவம் படிக்க வருகிறவர்கள், இங்கே தயங்காமல் வரலாம். கல்லூரிக்கு நடந்தே போகலாம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன். இரவில் வந்து இறங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாமா ஸ்டேஷனுக்கு வருவார்.

மாடியில் என் அறைக்கு எதிரில் இருக்கும் சின்ன அறையையும் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த சேர்க்கைக்கு ஒரு பெண்ணுக்கு இடம் இருக்கும். வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன். விசா நகலை முதலிலேயே அனுப்பிவிடுங்கள், மாமா அதைப் பார்க்காமல் முன்பணம் வாங்கமாட்டார்.