பழுது பார்த்து வந்த பவுடர் மெஷர்: எட்டு வருடப் பழக்கமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

“அண்ணா, அந்த எலக்ட்ரானிக் டிஸ்பென்சர் விலை நல்லா குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா, இல்ல உங்களை மாதிரி கையால சுத்துறதையே வாங்கவா?” என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். போன வருடம்தான் பென்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்து, குண்டுகளை நெருக்கமாக விழவைக்கும் போட்டி) சுட ஆரம்பித்தவர். டிஸ்பென்சர் என்பது தோட்டாவுக்கான வெடிமருந்தைத் தானே எடை போட்டுக் கொட்டும் கருவி. வேறு எப்போது கேட்டிருந்தாலும் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்ட நேரத்தில், அதே மருந்தைக் கையால் அளக்கும் என் பவுடர் மெஷர் பழுது பார்க்கப் போய் ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்திருந்தது, நான் அதன்மேல் நல்ல கோபத்தில் இருந்தேன். அதனால் அவருக்கு உடனே பதில் அனுப்பவில்லை. இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது ஒஹாயோ. சுடுவது 6 பிபிசி என்ற தோட்டா. 1970களில் பால்மிசானோவும் பிண்டெல்லும் .220 ரஷ்யன் கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) மாற்றி உருவாக்கியது, இன்றைக்கும் 100, 200 கெஜப் போட்டிகளில் பெரும்பாலான மேசைகளில் இதுதான் இருக்கும். ஏழு நிமிடத்தில் ஐந்து குண்டு, அந்த ஐந்தும் எவ்வளவு அகலத்துக்குள் விழுந்தன என்பதுதான் குரூப், ஐந்து குரூப்பின் சராசரி 0.2 அங்குலத்துக்குக் கீழே வந்தால்தான் பட்டியலின் மேல்பக்கத்தில் பெயர் வரும். கடையில் வாங்கிய தோட்டாவை யாரும் சுடுவதில்லை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில், சுட்ட கேஸையே எடுத்து, பிரைமர் (அடியில் பொறி தரும் சின்ன மூடி) மாற்றி, மருந்து அளந்து போட்டு, குண்டைச் சொருகி மறுபடியும் சுடுவோம். அந்த ‘மருந்து அளந்து போடுவது’ பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நாங்கள் மருந்தை எடை போடுவதில்லை, படி போட்டு அளக்கிறோம். ஊரில் அரிசி அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். படியைத் தட்டி அளந்தால் கூடுதலாகப் பிடிக்கும், தட்டாமல் அளந்தால் குறையும், மேலிருந்து வேகமாகக் கொட்டினால் ஒரு கணக்கு, மெதுவாகச் சரித்தால் இன்னொரு கணக்கு. பவுடர் மெஷரும் அதேதான். மேலே மருந்து நிறைந்த புட்டி, நடுவில் குழி வைத்த உருளை, பக்கத்தில் கைப்பிடி. பிடியை மேலே தூக்கினால் குழி நிறையும், கீழே இறக்கினால் உருளை திரும்பிக் குழியில் உள்ளதைக் கேஸுக்குள் கொட்டும். குழியின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அது ‘டிக் டிக்’ என்று எண்ணிக்கையோடு திரும்பும். என் மெஷரில் ஒரு க்ளிக் சுமார் அரை கிரெய்ன், அதாவது 32 மில்லிகிராம்.

இவ்வளவுதான் கருவி. எட்டு வருடமாக இதன்மேல் எனக்கு இருந்த பிரியத்துக்குக் காரணம் அந்த க்ளிக்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழரைக்குப் புல்லெல்லாம் பனி, ஈரப்பதம் 90க்கு மேல். முதல் குரூப் ஒரே ஓட்டை, அதில் லேசாக இடதுபக்கம் ஒரு காது. அது காற்று, என் தப்பு, காற்றைக் காட்டும் கொடியைச் சரியாகப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றுக்குள் வெயில் ஏறிவிட்டது. கீழே இருக்கும் சைட்டர் இலக்கில் (கணக்கில் சேராத சோதனை இலக்கு) இரண்டு குண்டு போட்டேன், ஒன்றின் தலைமேல் ஒன்று உட்கார்ந்தது, நடுவில் வெள்ளைக் காகிதம் தெரிந்தது. கொடிகளோ அசையாமல் தொங்கின. பக்கவாட்டில் விலகினால் காற்றைத் திட்டலாம், இப்படி மேலும் கீழுமாகப் பிரிந்தால் பெரும்பாலும் மருந்து ட்யூனை விட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். எப்படியோ அந்தச் சுற்றை முடித்துவிட்டு வந்து, மெஷரில் ஒரு க்ளிக் குறைத்து அடுத்த ஐந்தைக் கெட்டித்தேன். நாலாவது குரூப் மறுபடியும் ஒரே ஓட்டை. அந்த ஒரு ‘டிக்’ சத்தம் தந்த சந்தோஷத்தை எந்தப் பரிசுக் கேடயமும் தந்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

இதில் நடப்பது என்ன? குண்டு குழலுக்குள் ஓடும்போது குழல் அதிர்கிறது. வாய்முனை மேலும் கீழும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் எந்த நொடியில் குண்டு வெளியே வருகிறது என்பதுதான் ட்யூன். வெப்பம் ஏறினால் மருந்து வேகமாக எரியும். புட்டிக்குள் கிடக்கும் மருந்தும் திறந்து வைத்த அப்பளம் மாதிரிதான், காற்றின் ஈரத்தை வாங்கும், பிறகு வெயிலில் விடும். ஈரம் குறைந்த மருந்து வேகமாக எரியும். குண்டு வெளியேறும் நேரம் கொஞ்சம் முந்துகிறது, நான் மருந்தைக் குறைத்து அதை இழுத்துப் பிடிக்கிறேன். இதற்கு நேர் எதிராக, வெயில் ஏற ஏற மருந்தைக் கூட்டி அடுத்த நல்ல இடத்துக்குப் போகிறவர்களும் உண்டு, அவர்களும் ஜெயிக்கிறார்கள். எனக்குக் குறைப்பதுதான் கைவந்தது.

மருந்து எது என்றால், பலரையும் போல ஃபின்லாந்தின் விஹ்டவூரி என்133தான். வெயில் நாளில் கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும் என்று 8208 எக்ஸ்பிஆரும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். எத்தனை கிரெய்ன் என்று இங்கே எழுத மாட்டேன். என் குழலுக்கும், தோட்டா உட்காரும் என் சேம்பருக்கும் சரியான அளவு இன்னொருவர் துப்பாக்கியில் அபாயமாக முடியலாம். மருந்துக் கம்பெனி தரும் கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்துதான் ஏற வேண்டும். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இந்த இரண்டில் மட்டும் சமரசமே கிடையாது.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

இந்த வசந்தத்தில் என் மெஷரின் க்ளிக் நழுவ ஆரம்பித்தது. திருகைப் பிடித்து நிறுத்தும் சின்ன உருண்டையும் ஸ்பிரிங்கும் தேய்ந்துவிட்டன. பிடியை இறக்கும்போது நான் லேசாக ஒரு தட்டு தட்டுவேன், அந்த அதிர்ச்சிக்கே எண் நகர்ந்துவிடும். 52இல் வைத்தால் பத்துப் பதினைந்து முறை போட்டபின் 53க்குப் பக்கத்தில் நிற்கும். எட்டு வருடம் உழைத்த கருவி தேய்ந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். செய்தவர்களுக்கே அனுப்பினேன். அவர்கள் பழுதுக்குக் காசு வாங்கவில்லை, திருப்பி அனுப்பும் தபால் செலவு மட்டும்தான். நான் கேட்காமலேயே உருளையையும் புதிதாக மாற்றி, எல்லாவற்றையும் துடைத்து, புதுசு போல அனுப்பினார்கள். கைப்பிடி வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. முன்பு உருளை விளிம்பில் மருந்துக் குச்சி மாட்டி ‘நறுக்’ என்று வெட்டுப்படும், இப்போது அந்தச் சத்தமே குறைந்துவிட்டது.

ஆனால் உருளை மாறியது என்றால் குழியும் மாறிவிட்டது என்றுதானே அர்த்தம்? அதை யாரும் எனக்கு ஒரு வரி எழுதிச் சொல்லவில்லை. நான் பழைய நினைப்பில் 52இல் வைத்து, என் வழக்கப்படி முதல் பத்தையும் தராசில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிரெய்னுக்கு மேல் கூடுதல்! தராசில் போடாமல் நேராகக் கெட்டித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. மேல்பக்க அளவில் சுடுகிறவனுக்கு ஒரு கிரெய்ன் என்பது விளையாட்டில்லை. துப்பாக்கியைப் பூட்டும் போல்ட் திறக்காமல் கெட்டியாகிவிடும், பிரைமர் பிதுங்கும், அதற்கு மேலும் ஆகலாம்.

அப்புறம் அந்த நோட்டுப் புத்தகம். எட்டு வருடமாகத் தேதி, வெப்பநிலை, ஈரப்பதம், எந்தக் குழல், மருந்தின் லாட் எண், க்ளிக் எண், குரூப் எப்படி வந்தது என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று குழல் தேயும் அளவுக்கான வாழ்க்கை அதில் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் பழைய உருளையின் பாஷை. எல்லாவற்றிலிருந்தும் இரண்டைக் கழித்தால் போதும் என்று முதலில் நினைத்தேன், அதுவும் இல்லை. குழியின் விட்டமே ஒரு மயிரிழை மாறியிருக்க வேண்டும், கீழ் எண்களில் ஒரு வித்தியாசமும் மேல் எண்களில் இன்னொரு வித்தியாசமுமாக வருகிறது. பழைய உருளையைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன், அது குப்பைக்குப் போய்விட்டதாம். என் உருளை, என் எட்டு வருடம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நண்பர் கேட்ட டிஸ்பென்சருக்கு வருகிறேன். 600, 1000 கெஜம் சுடப் போகிறார் என்றால் யோசிக்காமல் எடை போடும் வழிக்கே போகட்டும். 6 பிபிசி கேஸில் 0.1 கிரெய்ன் மாறினால் வேகம் விநாடிக்குப் பத்தடி போல மாறும். 100 கெஜத்தில் அது ஏறக்குறைய 0.01 அங்குலம். அதே பத்தடி வித்தியாசம் 1000 கெஜத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் பிரித்துக் காட்டும். எங்கள் தூரத்துக்குக் கையால் ஒழுங்காகப் போட்டால் கிடைக்கும் துல்லியம் தாராளம். 100 கெஜத்தில் 0.009 அங்குலம் என்ற ஐந்து குண்டு குரூப்பை மெக்மில்லன் என்ற பென்ச்ரெஸ்ட் வீரர் சுட்டது 1973இல். கெட்டிக்கும் மேசைகளில் எலக்ட்ரானிக் தராசு வராத காலம் அது. அந்தச் சாதனையை முறியடிக்க 2013 ஆயிற்று.

இன்னொன்று, நான் வைத்திருந்த ஒரு விலை குறைந்த எலக்ட்ரானிக் தராசு, கொட்டகையில் காற்று வீசினாலே 0.2 கிரெய்ன் தாவும், வெயில் ஏறினால் சுழியமே நகரும். அதை நம்பி ஒரு முழுக் காலை வீணாக்கியிருக்கிறேன். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் அது சரியாகத்தான் வேலை செய்யும். ஆனால் ட்யூன் மாறுவது வெளியே, வெயிலில். ஒன்பது மணிக்குச் சரியாக இருந்த அளவை முந்தின இரவே ஐம்பது கேஸில் துல்லியமாக எடை போட்டு அடைத்துக்கொண்டு வந்தால், பதினோரு மணிக்கு என்ன செய்வது?

கைமெஷர் வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அது கையைப் பொறுத்தது. புட்டியில் பாதிக்குக் கீழே மருந்தை இறங்க விடக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே வேகம், ஒரே தட்டு. பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட்டால் 0.2 வரை ஆடும், வாய்மூடிப் போட்டால் எனக்குப் பெரும்பாலும் 0.1க்குள் நிற்கும். என்133 கேஸ் கழுத்துவரை நிறையும் மருந்து, நீளமான குழாய் வழியாக மெதுவாக இறக்கினால்தான் அடங்கும்.

இவ்வளவும் சொன்னபின் மறுபடி இதே மெஷரை வாங்குவேனா என்றால், இன்றைக்கு மாட்டேன். பத்து நாள் முன்பு கேட்டிருந்தால் கேள்வியையே புரிந்துகொண்டிருக்க மாட்டேன். கருவியில் ஒரு குறையும் இல்லை, முன்னைவிட நன்றாகவே இருக்கிறது, ஆனால் எனக்கு அதன்மேல் மனம் ஒட்டவில்லை. தம்பி, நீங்கள் கைமெஷரே வாங்குங்கள், டிஸ்பென்சர் வேண்டாம். வேறு யாராவது விற்கும் பழையது கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் வாங்கிய அன்றே முப்பது முறை போட்டு எடை பாருங்கள், ஒவ்வொரு ஐந்து க்ளிக்குக்கும் எத்தனை கிரெய்ன் என்று எழுதி வையுங்கள். நான் வெறும் க்ளிக் எண்ணை எழுதினேன், பக்கத்தில் கிரெய்னை எழுதவில்லை. அடுத்த போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை 45இலிருந்து ஆரம்பிக்கிறேன். தராசோடு வர முடிந்தால் வாருங்கள்.